விண்வெளியிலிருந்து இறங்கக் கற்ற கதை

1957 ஆகஸ்ட் 21. சோவியத் யூனியனின் ஆர்-7 ராக்கெட் கசக்ஸ்தான் புல்வெளியிலிருந்து கிளம்பி, 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் கம்சாட்கா தீபகற்பத்தை எட்டியது. அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்ததால் அது பெரிய வெற்றிதான். ஆனால் ராக்கெட்டின் நுனியில் வைத்து அனுப்பிய மாதிரி ஆயுதம் தரைக்கு வந்து சேரவில்லை. காற்று மண்டலத்துக்குள் நுழைந்ததும் சிதைந்து உதிர்ந்துவிட்டது. செப்டம்பரில் இன்னொன்றை ஏவினார்கள். அதற்கும் அதே கதி.

ராக்கெட் தயார், அதன் மூக்கு தயாரில்லை. மூக்கைத் திருத்தி வடிவமைக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவ் தன் நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள உலோகப் பந்து ஒன்று அதே ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. ஸ்புட்னிக்குக்கு மூக்குப் பிரச்சினை கிடையாது, ஏனென்றால் அது திரும்பி வர வேண்டியதே இல்லை.

மனித விண்வெளிப் பயணத்தின் ஆரம்ப வருடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைதான் முதலில் கண்ணில் படும். மேலே போகும் வித்தை முதலில் கைக்கு வந்துவிட்டது. கீழே வரும் வித்தைக்கு அதன்பிறகு 14 வருடம் போராடினார்கள், அதற்கு உயிரும் கொடுத்தார்கள். நாம் பள்ளியில் படித்த பட்டியல் ஏறியவர்களின் பட்டியல். யார் முதலில் போனார், எத்தனை சுற்று சுற்றினார் என்பதோடு அது நின்றுவிடும். அவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று பார்த்தால் வேறு ஒரு வரலாறு தெரியும்.

முதலில் இறங்குவது ஏன் அத்தனை கஷ்டம் என்று பார்த்துவிடலாம். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு கிலோ பொருள் சுமந்திருக்கும் ஆற்றலை முழுக்க வெப்பமாக மாற்றினால், கிட்டத்தட்ட 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கிவிடலாம். அது ஒரு கிலோவுக்கு. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின் ஏறிய சோவியத் கலம் வோஸ்டாக்கின் எடை 4.7 டன். ஏறும்போது ராக்கெட் கொடுத்த ஆற்றலை எல்லாம் இறங்கும்போது எங்காவது கொட்டியாக வேண்டும். எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து அத்தனை வேகத்தையும் குறைக்கலாமே என்றால், அதற்கு ஏறிய அளவுக்கே இன்னொரு பெரிய ராக்கெட் தேவைப்படும். அதனால் பிரேக் எஞ்சின் குறைப்பது சுமார் 2 சதவீத வேகத்தை மட்டும்தான். கலம் சுற்றுப்பாதையிலிருந்து நழுவிக் காற்றுக்குள் விழ அது போதும். மிச்ச வேகத்தைக் காற்றே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மூக்கு வருகிறது. வேகமாகப் போகும் பொருளுக்குக் கூர்மையான மூக்குதான் பொருத்தம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. அமெரிக்காவில் ஜூலியன் ஆலன் என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்தில் இதைத் தலைகீழாக்கினார். மழுங்கிய, அகலமான முகத்தோடு ஒரு பொருள் காற்றில் பாய்ந்தால், அதன் முன்னால் அழுத்தப்பட்ட காற்று ஒரு சுவர்போல் எழுந்து நிற்கும். வெப்பத்தில் பெரும்பகுதி அந்தச் சுவரிலேயே உண்டாகி, பக்கவாட்டில் வழிந்து காற்றோடு போய்விடும். பொருளைத் தொடுவது சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியைச் சமாளிக்க, தானே கருகி உதிரும் கவசம் ஒன்றைப் பூசினார்கள். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே தத்துவம்.

அமெரிக்கர்களின் மெர்குரி கலம் மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவில், அகன்ற அடிப்பக்கம் முன்னால் வரும்படி இறங்கியது. சோவியத் பொறியாளர்கள் எடுத்த முடிவு இன்னும் எளிமையானது. 2.3 மீட்டர் விட்டமுள்ள ஒரு முழு உருண்டை. அதைச் சுற்றிலும் கவசம். எடையை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளிவிட்டாலும் அடி கீழே வந்து நிமிர்ந்துவிடுகிறதே, அதேபோல இந்த உருண்டை காற்றுக்குள் எப்படிப் புரண்டு நுழைந்தாலும் கனமான பக்கம் தானே முன்னால் திரும்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மனிதனோ கணினியோ எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு அந்த முழு சகாப்தத்திலும் மிகப் பிடித்த பொறியியல் யோசனை இதுதான்.

ஆனால் அந்த உருண்டையைக் காற்றுக்குள் சரியான நேரத்தில், சரியான கோணத்தில் தள்ளிவிட வேண்டுமே. அங்கேதான் அடுத்தடுத்து இடறினார்கள்.

1957 நவம்பர் 3 அன்று லைக்காவை அனுப்பியபோது திரும்பி வரும் ஏற்பாடே கிடையாது. அந்த நாய் சில நாட்கள் உயிரோடு இருந்ததாகத்தான் உலகம் நம்பியது. ஏவிய சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் அது இறந்துபோனது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது. ஆட்டத்தில் முந்திக்கொள்வதற்காக ஓர் உயிரை இப்படி அனுப்பியதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மனிதனுக்கான வோஸ்டாக்கின் முதல் சோதனைக் கலம் 1960 மே 15 அன்று ஆளில்லாமல் போனது. பிரேக் எஞ்சின் எரியும்போது அதன் வாய் பயணத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திசையறியும் கருவி பிசகியதால் கலம் தவறான பக்கம் திரும்பியிருந்தது. எஞ்சின் எரிந்தது, கலம் கீழே வருவதற்குப் பதில் இன்னும் உயரமான பாதைக்கு ஏறிவிட்டது. அதன் ஒரு பகுதி 1962 செப்டம்பரில் தானாகக் காற்றுக்குள் விழுந்தபோது, சுமார் 9 கிலோ எடையுள்ள ஒரு துண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மானிட்டவாக் என்ற ஊரின் நடுத்தெருவில் வந்து கிடந்தது.

ஆகஸ்ட் 1960-இல் பெல்கா, ஸ்த்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் ஒரு நாள் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கின. சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பிய முதல் நாய்கள் அவை. நாலாவது சுற்றில் பெல்கா தவித்து வாந்தி எடுத்ததைப் பார்த்த மருத்துவர்கள், முதல் மனிதனுக்கு ஒரே ஒரு சுற்று போதும் என்று சொல்லிவிட்டார்கள். ககாரின் ஏன் ஒரே சுற்றோடு திரும்பினார் என்ற கேள்விக்கு விடை அந்த நாயிடம் இருக்கிறது. அப்புறம் டிசம்பர் 1 அன்று போன இரண்டு நாய்களின் கலத்தில் பிரேக் எஞ்சின் சரியாக வேலை செய்யவில்லை. அந்நிய மண்ணில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்திருந்த வெடி அந்தக் கலத்தை நாய்களோடு சேர்த்து அழித்தது.

1960 மே முதல் 1961 மார்ச் வரை வோஸ்டாக் வகைக் கலங்கள் மொத்தம் 7 முறை ஏவப்பட்டன. அதில் திட்டமிட்டபடி போய்த் திரும்பியவை 3 மட்டுமே. அந்த மூன்றில் கடைசி இரண்டும் 1961 மார்ச்சில், அடுத்தடுத்து நடந்தன. இரண்டிலும் ஒரு நாயோடு, இவான் இவானவிச் என்று பேர் வைத்த ஒரு பொம்மை மனிதனும் உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு உடை, ஹெல்மெட், கண்ணிமை வரை எல்லாம் நிஜ மனிதன் போலவே. வழியில் பார்ப்பவர்கள் பிணம் என்று நினைத்துப் பயந்துவிடக் கூடாதே என்று, முகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ‘மாதிரி’ என்று ரஷ்ய எழுத்தில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். ரேடியோவைச் சோதிக்க ஒரு குரல் வேண்டும். சாதாரணமாக யாராவது பேசினால், ஒட்டுக்கேட்கும் மேலைநாட்டார் ரகசியமாக ஆளை அனுப்பிவிட்டதாக நினைப்பார்களே. அதனால் கோஷ்டிகானத்தையும் சூப் வைக்கும் செய்முறையையும் டேப்பில் பதிந்து ஒலிபரப்பினார்கள்.

அந்தப் பொம்மை எதற்கு? வோஸ்டாக்கின் இன்னொரு குறையைத் தீர்க்கத்தான். உருண்டை தன் பாராசூட்டில் தொங்கிக்கொண்டே இறங்கினாலும், தரையை விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் மோதும். உள்ளே இருப்பவன் பிழைக்கலாம், முதுகெலும்பு தப்புமா என்பது சந்தேகம். அமெரிக்கர்களுக்குக் கடலும், அதில் காத்திருக்கும் பெரிய கடற்படையும் இருந்தன, தண்ணீரில் இறக்கினார்கள். சோவியத் யூனியன் ரகசியம் காக்கச் சொந்த மண்ணில்தான் இறக்கியாக வேண்டும். ஆகவே சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கதவு பறந்துபோகும், இருக்கையோடு விமானி வெளியே எறியப்படுவான், அவன் தன் சொந்தப் பாராசூட்டில் இறங்குவான். கலம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

சரி, ககாரினுக்கு வருவோம். 1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9 மணி 7 நிமிடம். 27 வயது, 157 சென்டிமீட்டர் உயரம், வார்ப்புப் பட்டறையில் தொழில் கற்றுவிட்டு விமானப்படைக்கு வந்த இளைஞன். அந்தக் காலை எத்தனை நிச்சயமில்லாதது என்பதை டாஸ் செய்தி நிறுவனத்துக்காகத் தயாராக இருந்த அறிக்கைகளே சொல்லும். மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று வெற்றிக்கு. ஒன்று அந்நிய மண்ணிலோ கடலிலோ விழுந்தால் உதவி கேட்க. மூன்றாவது அவர் இறந்துபோனால். ககாரினும் இரண்டு நாள் முன்பே மனைவி வாலன்டினாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டார். தான் திரும்பாவிட்டால் தரச் சொன்ன கடிதம். 1968-இல் அவர் ஜெட் விமான விபத்தில் இறந்த பிறகுதான் அது அந்த அம்மாவின் கைக்குப் போனது.

பிரேக் எஞ்சின் ஒன்றே ஒன்றுதான், மாற்று கிடையாது. அது எரியாமல் போனால் என்ன செய்வது? தாழ்வான பாதை என்பதால் மெல்லிய காற்றின் உரசலிலேயே சுமார் 10 நாளில் கலம் தானாக விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டு, 10 நாளுக்கான உணவை உள்ளே வைத்திருந்தார்கள். ஆனால் ராக்கெட் கூடுதல் நேரம் எரிந்து கலத்தைத் திட்டத்தைவிட உயரமான, 327 கிலோமீட்டர் வரை எழும் பாதையில் விட்டுவிட்டது. எஞ்சின் கைவிட்டிருந்தால் உணவும் காற்றும் தீர்ந்தபிறகும் ககாரின் சுற்றிக்கொண்டிருந்திருப்பார்.

கைப்பிடியைத் தொட்டு ஓட்டுவதற்கும் அவருக்கு நேரடி அனுமதி இல்லை. எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் என்ன ஆவது என்று மருத்துவர்கள் பயந்தார்கள். கைக்கட்டுப்பாட்டைத் திறக்க 125 என்ற எண் வேண்டும், அது ஒட்டிய உறையில் இருந்தது. உறையைக் கிழித்துப் படித்து எண்ணை அழுத்தத் தெரிந்தால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று பொருள். இருந்தாலும் பறப்பதற்கு முன்பே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணை அவர் காதில் போட்டுவிட்டார்கள். அந்தச் சிறு மீறலில் இருந்த அன்பை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் மேலே பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் எரிந்தது. சுமார் 40 விநாடி. கடைசியில் ஒரு விநாடி முன்னதாகவே நின்றுபோனது. அந்த ஒரு விநாடியில் கலம் வேகமாகச் சுழல ஆரம்பித்தது. பத்து விநாடியில் பிரிய வேண்டிய பின்பகுதி பிரியவில்லை. பிறகு ரகசியமாகக் கொடுத்த அறிக்கையில் ககாரின் அதை பாலே நடனத்துக்கு ஒப்பிட்டார். தலை, கால், தலை, கால் என்று சுழற்சி. ஒரு கணம் ஆப்பிரிக்கா, ஒரு கணம் அடிவானம், ஒரு கணம் வானம். வெயில் கண்ணில் அடித்துவிடக் கூடாதென்று காலால் ஜன்னலை மறைத்துக்கொண்டாராம். பின்பகுதி தொங்கிக்கொண்டிருக்கும்வரை அந்தத் தஞ்சாவூர்ப் பொம்மைத் தந்திரம் வேலை செய்யாது. சுமார் 10 நிமிடம் கழித்துத்தான் அது பிரிந்தது. ஜன்னலுக்கு வெளியே செந்நிறம், காதில் கவசம் வெடிக்கும் சத்தம், உடம்பை அழுத்தும் பாரம் ஒரு கட்டத்தில் கண்ணை மங்கச் செய்தது.

7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே எறியப்பட்டபின்னும் தொல்லை தீரவில்லை. ஹெல்மெட்டுக்குள் வெளிக்காற்றை விடும் வால்வு உடைக்கு உள்ளே மாட்டிக்கொண்டதால், அதைத் தேடித் திறக்கவே ஆறு நிமிடம் போராடினார். மாற்றுப் பாராசூட்டும் சேர்ந்து விரிந்துவிட்டது. கடைசியில் சராத்தவ் பகுதியில், வோல்கா நதிக்குப் பக்கத்தில் ஸ்மெலவ்கா கிராமத்து வயலில் போய் இறங்கினார். அங்கே ஒரு பாட்டியும் பேத்தியும் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு உடையில், வெள்ளை ஹெல்மெட்டோடு நடந்து வந்த உருவத்தைக் கண்டு இருவரும் பின்வாங்கினார்கள். நானும் உங்களைப் போல சோவியத் ஆள்தான் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினார் ககாரின். மனித வரலாற்றின் முதல் விண்வெளிப் பயணத்தை வரவேற்றவர்கள் அந்தப் பாட்டியும் பேத்தியும்தான்.

அந்தப் பாராசூட் விஷயத்தை சோவியத் அரசு பல வருடம் மறைத்தது. உலக விமானச் சம்மேளனத்தின் விதிப்படி, சாதனை கணக்கில் சேர வேண்டுமானால் விமானி தன் கலத்தோடு தரையிறங்க வேண்டும். அதனால் அவர் கலத்துக்குள்ளேயே இறங்கினார் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பொய் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அந்த இறக்கத்தின் உண்மைக் கதை அவர்கள் சொன்ன கதையைவிட எவ்வளவோ பெரியது.

அமெரிக்காவில் மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் 15 நிமிடம் மேலே போய் வந்தார். அது சுற்றுப்பாதைப் பயணம் இல்லை. அந்த 15 நிமிட அனுபவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மே 25 அன்று ஜான் கென்னடி நிலவுக்கு ஆள் அனுப்பும் இலக்கை அறிவித்தார். அந்த வாக்கியத்தில் நாம் கவனிக்காமல் விடும் பாதி ஒன்று உண்டு. நிலவில் இறக்குவது மட்டுமல்ல, பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் சேர்ந்ததுதான் அவர் சொன்ன இலக்கு.

திருப்பிக் கொண்டுவரும் கணக்கைப் போட்டவர்களில் கேத்தரின் ஜான்சன் முக்கியமானவர். 1960-இல் வெளியான நாசா அறிக்கை ஒன்றை அவர் தன் சக பொறியாளருடன் சேர்ந்து எழுதினார். கலம் பூமியின் எந்த இடத்துக்கு மேலே வர வேண்டும் என்பதை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு ராக்கெட் எந்தத் திசையில் ஏவப்பட வேண்டும் என்று பின்னோக்கிப் போடும் கணக்கு அது. பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் க்ளென் பறப்பதற்கு முன், கம்ப்யூட்டர் போட்ட எண்களை அந்த அம்மா கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது தெரிந்த கதைதான்.

1962 பிப்ரவரி 20, க்ளென். அவர் இரண்டாவது சுற்றில் இருக்கும்போது தரையில் ஒரு கருவி மினுங்கியது. வெப்பக் கவசம் பூட்டிலிருந்து கழன்றுவிட்டது என்பது அதன் பொருள். உண்மையாக இருந்தால் அவர் எரிந்து சாம்பலாவார். கவசத்தின் மேல் வார்ப்பட்டைகளால் கட்டியிருந்த பிரேக் ராக்கெட் தொகுதியைக் கழற்றாமல் விட்டால், அந்தப் பட்டைகள் கவசத்தைக் கொஞ்ச நேரமாவது பிடித்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். தொகுதியைக் கழற்ற வேண்டாம் என்று அவருக்குச் சொன்னார்கள். ஏன் என்று நுழைவுக்குச் சில நிமிடம் முன்புவரை சொல்லவில்லை. அவராகவே பாதி ஊகித்திருந்தார். எரியும் துண்டுகள் ஜன்னலைக் கடந்து பறந்ததைப் பார்த்தபோது, அது ராக்கெட் தொகுதியா, தன் கவசமேவா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாலு நிமிடத்துக்கு மேல் ரேடியோவும் அறுந்திருந்தது. பிறகு பார்த்தால் கவசம் அசையவே இல்லை, கோளாறு ஒரு சிறு சுவிட்சில். ஓட்டுகிறவரிடம் அவர் நிலைமையை உடனே சொல்லியிருக்க வேண்டும் என்று க்ளென் பிறகு வாதாடினார். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் கார்டன் கூப்பர் 22 சுற்றுப் போனார். கடைசிச் சுற்றுகளில் மின்சாரக் கோளாறால் தானியங்கி அமைப்பு செத்துவிட்டது. ஜன்னலில் கோடு போட்டு அடிவானத்தோடு ஒப்பிட்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்தும், தானே எஞ்சினை எரித்து இறங்கினார். காத்திருந்த கப்பலுக்கு 7 கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தார். மெர்குரி பயணங்களிலேயே மிகத் துல்லியமான இறக்கங்களில் ஒன்று அது.

விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலன்டினா தெரஸ்கோவாவின் 1963 ஜூன் பயணத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கலத்தைக் கீழே இறக்க வேண்டிய தானியங்கி நிரல், உண்மையில் மேலே ஏற்றும்படி தவறாக அமைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவரேதான். தரையிலிருந்து திருத்திய எண்களை அனுப்பினார்கள். இதை வெளியே சொல்லிவிடாதே என்று கொரோலியோவ் கேட்டுக்கொண்டதால் பல பத்தாண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவர் சரியாகச் செயல்படவில்லை என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலம் முழுக்க, இந்த உண்மையை உள்ளேயே வைத்திருந்தார்.

1964-இல் வோஸ்கோத். இருவர் போகும் ஜெமினி, மூவர் போகும் அப்பல்லோ என்ற அமெரிக்கத் திட்டங்களுக்கு முந்திக்கொள்ள, ஒருவர் போன அதே உருண்டைக்குள் மூன்று பேரைத் திணித்தார்கள். வெளியே எறியும் இருக்கை எடுக்கப்பட்டது. இடம் போதாததால் விண்வெளி உடையும் எடுக்கப்பட்டது. தரையைத் தொடும் கணத்தில் எரியும் சிறு ராக்கெட் ஒன்றைச் சேர்த்தார்கள், அது நல்ல முன்னேற்றம். உடை இல்லாமல் போனது மிக ஆபத்தான பழக்கம். அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்ததால் அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

1965 மார்ச் 18 அன்று அலெக்சி லியோனவ் கலத்துக்கு வெளியே 12 நிமிடம் மிதந்ததை எல்லோரும் அறிவோம். உடை ஊதிப் பெருத்து உள்ளே நுழைய முடியாமல், காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றித் திரும்பியதையும் படித்திருப்பீர்கள். அடுத்த நாள் இறக்கம் அதற்குச் சளைத்தது இல்லை. தானியங்கி இறக்கம் தோற்றது. கையால் திசை திருப்ப வேண்டும், அதற்கான ஜன்னலோ இருக்கைகளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. பாவெல் பெல்யாயெவ் இருக்கையை விட்டு எழுந்து குறுக்கே படுத்துத் திசை பார்த்தார், லியோனவ் அவரைப் பிடித்துக்கொண்டார். எஞ்சினை எரிக்குமுன் இருவரும் இருக்கைக்குத் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் கலத்தின் எடைச் சமநிலை மாறிவிடும். அதற்குள் கிட்டத்தட்ட 46 விநாடி ஓடிவிட்டது. அந்த வேகத்தில் ஒரு விநாடி என்பது 8 கிலோமீட்டர். இலக்கைத் தாண்டிச் சுமார் 380 கிலோமீட்டர் தள்ளி, பெர்ம் நகருக்கு வடக்கே, பனி மூடிய காட்டில் விழுந்தார்கள்.

லியோனவின் உடைக்குள் வியர்வை முழங்கால்வரை தேங்கி நின்றது. உறைபனியில் அதை ஊற்றிவிட்டு, உள்ளுடையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார். ஹெலிகாப்டர் வந்தது, மரங்கள் அடர்ந்திருந்ததால் இறங்க முடியவில்லை. போட்ட கதகதப்பான துணிகள் கிளைகளில் மாட்டிக்கொண்டன. இரண்டு இரவு காட்டில் கழிந்தது. மீட்புக் குழு பனிச்சறுக்குக் கட்டைகளோடு வந்து, வெட்டவெளிக்கு அவர்களை நடத்திக்கொண்டு போனது. ஓநாயும் கரடியும் திரியும் காட்டில் கைத்துப்பாக்கி ஒன்றோடு உட்கார்ந்திருந்த அந்த அனுபவம்தான், பின்னாளில் சோவியத் விண்கலங்களில் மூன்று குழல் துப்பாக்கி ஒன்று இடம்பெறக் காரணமானது. லியோனவ் அதற்காக வாதாடினார்.

அதன்பின் வந்தவை வலிக்கும் வருடங்கள். 1961-இல் கஸ் கிரிஸ்ஸம் கடலில் இறங்கியபோது கலத்தின் கதவு எதிர்பாராமல் வெடித்துத் திறந்து, கலம் மூழ்கி, அவரும் மூழ்க இருந்தார். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ கலத்துக்குள் தரையிலேயே தீப்பிடித்தபோது, உள்நோக்கித் திறக்கும் கதவைத் திறக்க முடியாமல் அதே கிரிஸ்ஸம் இரண்டு தோழர்களோடு இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் விளாதிமிர் கொமரோவ், சோயுஸ் என்ற புதிய வகைச் சோவியத் கலத்தில், சோயுஸ் 1-இல் போனார். சூரியத் தகடு ஒன்று விரியவில்லை, திசைக் கருவிகள் சொதப்பின. எல்லாவற்றையும் மீறி, கையாலேயே கலத்தைத் திருப்பி எஞ்சினை எரித்து, காற்று மண்டலத்தையும் தாண்டி வந்துவிட்டார். கடினமான பகுதி முழுவதையும் அவர் வென்றிருந்தார். பாராசூட் அதன் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. மாற்றுப் பாராசூட் சிக்கிக்கொண்டது. அந்தப் பயணத்துக்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரின்.

1969 ஜனவரியில் போரிஸ் வொலினவின் சோயுஸ் 5, ககாரினுக்கு நேர்ந்த அதே கோளாறில் மாட்டியது. பின்பகுதி பிரியாமல், கவசம் இல்லாத முகம் முன்னால் இருக்க, கலம் நெருப்புக்குள் நுழைந்தது. கதவின் ரப்பர் கருகி உள்ளே புகை வந்தது. கடைசி நேரத்தில் பின்பகுதி பிய்ந்துபோக, கலம் தானே திரும்பிக்கொண்டது. மோதலில் அவருக்குப் பல் உடைந்தது. எட்டு வருடம் ஆகியும் அதே இடத்தில் அதே இடறல்.

1971 ஜூன் 30. தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்ஸாயெவ் மூவரும் உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூத் 1-இல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு சோயுஸ் 11-இல் திரும்பினார்கள். இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. எஞ்சின் சரியாக எரிந்தது, பகுதிகள் பிரிந்தன, பாராசூட் விரிந்தது, தரையில் மென்மையாக வந்து அமர்ந்தது. மீட்புக் குழுவினர் கதவைத் திறந்தபோது மூவரும் இருக்கையில் அசையாமல் இருந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது. வெளியே கிடத்தி மூச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில், தரைக்கு அருகே திறக்க வேண்டிய ஒரு சிறு வால்வு 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. மூவருக்கும் உடை இல்லை. 1964-இல் இடம் போதவில்லை என்று கழற்றிய உடைக்கு ஏழு வருடம் கழித்துக் கொடுத்த விலை அது.

அதற்குப் பிறகு சோயுஸில் மூன்றுக்குப் பதில் இரண்டு பேர்தான் போனார்கள். மூன்றாவது இருக்கையின் இடம் உடைகளுக்கும் காற்றுக் கருவிகளுக்கும் போனது. மூவர் மறுபடி உட்கார 1980 வரை காத்திருந்தார்கள். அப்போது உருவான சோக்கல் உடையைத்தான் சோயுஸில் போகிறவர்கள் இன்றும் அணிகிறார்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா அதைப் போட்டுக்கொண்டுதான் போனார், அதைப் போட்டுக்கொண்டுதான் கசக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினார்.

இந்தியா சொந்தமாக ஆளனுப்ப நினைத்தபோது முதலில் கையில் எடுத்ததும் இறங்கும் வேலையைத்தான். 2007 ஜனவரியில் 550 கிலோ கலம் ஒன்றைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பி, 12 நாள் கழித்து வங்கக் கடலில் இறக்கி எடுத்தது இஸ்ரோ. 2014 டிசம்பர் 18 அன்று ஆட்கள் அமரும் அளவிலான கலம் ஒன்றை 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்த்தார்கள். மூன்றே முக்கால் டன் எடையுள்ள அந்தக் கலம், மூன்று பாராசூட்டில் தொங்கியபடி அந்தமானுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. கடலோரக் காவல்படைக் கப்பல் அதைத் தூக்கித் தளத்தில் வைத்து, கடலைக் கடந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை.